குடிக்காத வெறி

வாகரை
18.07.2023

சுலோவுக்கு,

கடிதத்தைக் கண்டதும் கிழித்துவிடாதே. கிழிக்கத்தான் வேண்டுமென்றால் வாசித்துவிட்டுக் கிழி. உன்னோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கலியாணம் பேசிய காலத்தில்கூட நான் ஒரு வரி எழுதவில்லை. சந்தையில் மீன் ஏலம் கூறுகிறவனுக்கு வாய் இருக்கிறது, பேனை எதற்கு என்ற திமிர்.

இப்போது அந்த வாய்தான் இல்லை. போன் எடுத்தால் என் குரலைக் கேட்டதும் வெட்டிவிடுகிறாய். போன கிழமை ஒரு தரம் மட்டும் பதில் சொன்னாய்: “வெறி முறிஞ்ச பொறகு எடுங்க.” சுலோ, முறிவதற்கு என்னிடம் வெறி இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் கண்ணகி அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்த நாளிலிருந்து ஒரு சொட்டுச் சாராயம் என் நாக்கில் படவில்லை. உன் பட்டன் போனுக்குத் தமிழில் செய்தி அனுப்ப முடியாது. பிள்ளை தனுஷியாவின் போனுக்கு அனுப்பலாம்தான். அவள் கலியாணப் பேச்சைக் குழப்பிவிட்டு அவளிடம் என்ன எழுதுவது? ஆகவே மஜீட் காக்காவின் ஐஸ் லொறியில் இந்தக் கடிதம் வருகிறது. காத்தான்குடிக்குப் போகிற லொறிக்கு ஆரையம்பதி அடுத்த ஊர்தானே என்று கேட்டேன். “அங்கால போய் வந்தா நம்மட ஐஸ் கரைஞ்சிரும் தம்பி, பரவால்ல தா” என்று வாங்கிக்கொண்டார்.

மாசி மாதம் தொடங்கியது இது. ஏலம் கூறும்போது நாக்கு என்னைவிட ஒரு அடி பின்னால் நடந்துவந்தது. வாய்க்குள் சுட்ட கிழங்கை வைத்துக்கொண்டு கதைப்பது போல ஒரு பாரம். சுண்ணாம்பு கூடிவிட்டது என்று வெற்றிலையை விட்டேன். பிறகு தேத்தண்ணி குடித்தால் மூக்கால் வந்தது. வலக்கை விரல்கள் சட்டைப் பொத்தானோடு சண்டை பிடிக்கின்றன. இவற்றையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் மறைத்தது என் பிழை. நாக்குக் குழறுகிறது என்று நான் வாயைத் திறந்தால் நீ எதை நினைப்பாய் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

வீடு உன்னுடையது, உன் தாய் வழியாக வந்தது. போ என்று நீ சொன்னால் போக வேண்டியவன் நான்தான். அதில் எனக்கு வழக்கு இல்லை. இங்கே தம்பி வேலனின் மீன்வாடிக் குடிசையில் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. நான் குடிக்கவில்லை என்று அவன் சாட்சி சொல்வான். ஆனால் பொழுதுபட்டால் போடுகிறவனின் சாட்சியை நீ எடுக்கமாட்டாய்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என்ன வருத்தம், எந்த நோய் என்று கண்டுபிடித்து, எழுத்தில் வாங்கி உனக்கு அனுப்புகிறேன்.

வினாயகமூர்த்தி


ஆரையம்பதி
26.07.2023

தனுஷியாவின் அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. வாசித்தேன். இனிக் கேளுங்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்திருந்தார்கள். விடியற்காலம் எழும்பி இடியப்பம் அவித்து, வீடு கழுவி, அயல் வீட்டில் நாலு கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், இருந்து நாலு வார்த்தை கதைப்பது. நீங்கள் வாயைத் திறந்தீர்கள், ஒரு சொல் உருப்படியாக வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கை நழுவி மாப்பிள்ளையின் தாயின் சீலையில் கொட்டியது. அந்த மனுஷி தன் தமையனிடம் சொன்னது குசினியில் அடுப்போடு நின்ற எனக்குக் கேட்டது: “ஆள் விடியவே போட்டுத்தான் இரிக்காரு போல.”

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர்கள் போன பிறகு நான் வாசல் படலைக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்து அழுதேன். நீங்கள் என் முன்னால் வந்து நின்று சிரித்தீர்கள். புன்சிரிப்பில்லை, பல் தெரியக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தீர்கள். நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன், அதற்கும் சிரித்தீர்கள். முந்தி குடித்த காலத்தில் ஏசியிருக்கிறீர்கள், சட்டி பானை உடைத்திருக்கிறீர்கள். என் கண்ணீரைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்புக்கு எந்த டொக்டர் எழுத்தில் காரணம் தருவார் என்று பார்ப்போம். கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம்.

தனுஷியா உங்களைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் கதைப்பதில்லை.

சுலோஜனா


வாகரை
14.09.2023

சுலோவுக்கு,

இத்துடன் மூன்று கடுதாசிகள் வைத்திருக்கிறேன். பத்திரம், இவை மூலப் பிரதிகள்.

முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் பொடியன். நான் இரண்டு வசனம் கதைத்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பிங்க?” என்று கேட்டார். எடுப்பதில்லை என்றேன். நான் சொன்ன விதமே அவருக்குப் பதிலாகிவிட்டது. கிளினிக் கொப்பியில் ‘மது’ என்று எழுதினார். அதற்குப் பிறகு எந்த அறைக்குப் போனாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் வாசிக்கிறார்கள், பிறகுதான் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சரி என்று ஈரலுக்கு இரத்தம் எடுத்தார்கள். குறையில்லை. அந்த ரிப்போட்தான் மேலே இருக்கிறது. அடுத்தது தலைக்கு எடுத்த ஸ்கேன். பாரிசவாதமாக இருக்கலாம் என்று பார்த்தார்கள், அதுவும் இல்லையாம். மூன்றாவது தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தது. கட்டி, புண் எதுவும் இல்லை. ஒவ்வொரு அறையிலும் “ஐயா, உங்களுக்கு ஒண்டும் இல்ல” என்று நல்ல செய்தி போலச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்றும் இல்லாதவனுக்குச் சோறு ஏன் தொண்டையில் நிற்கிறது என்று கேட்டால், அடுத்த அறையைக் காட்டுகிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சுலோ. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும் என்று இருக்கிறது. நோய் வரவேண்டும் என்று நேர்த்தி வைக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிரிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. அன்று எனக்கே விளங்கவில்லை. உன்னைப் பார்த்து நெஞ்சு வெடிக்க நின்றேன், வெளியே வந்தது அது.

வினாயகமூர்த்தி


ஆரையம்பதி
25.09.2023

தனுஷியாவின் அப்பாவுக்கு,

கடுதாசிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருந்துக்கடையில் நிற்கும் நிலோஜனிடம் காட்டினேன். “மாமி, குடிக்கிற ஆக்களுக்கும் இந்த ரிப்போட் சில நேரம் நல்லா வரும்” என்று சொன்னான். மற்ற இரண்டும் உங்களுக்கு வருத்தம் இல்லை என்றுதானே சொல்கின்றன? வருத்தம் இல்லையென்றால் மிச்சம் என்ன? நீங்களே சொல்லுங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. போன செவ்வாய் குறி சொல்கிறவரிடம் கட்டுக் கேட்கப் போனேன். நான் உங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கற்பூரச் சத்தியத்தை மீறிய நாக்கு, தெய்வ குற்றம், அதுதான் நாக்கைப் பிடித்து இழுக்கிறது என்று அந்த மனுஷன் சொன்னார். உங்கள் டொக்டரும் அவரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். ஆனால் மஜீட் காக்கா உங்கள் கடிதத்தைத் தந்துவிட்டுப் படலையில் கொஞ்ச நேரம் நின்றார். “தங்கச்சி, நம்மளுக்குக் குடி ஹறாம். மணந்தா நூறு பாகம் தூரத்துக்கு அங்காலயே தெரியும். அந்தாள்ள ஐஸ் மணமும் மீன் மணமும்தான் இரிக்கி” என்றார். அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

தேத்தண்ணி உண்மையாகவே மூக்கால் வருகிறதா? எத்தனை நாளாக? எவ்வளவு மெலிந்திருக்கிறீர்கள்? சும்மா கேட்கிறேன்.

சுலோஜனா


வாகரை
20.11.2023

அன்புள்ள சுலோவுக்கு,

சும்மா கேட்டாலும் கேட்டாய். பதினொரு கிலோ குறைந்திருக்கிறேன். சாரம் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருக்கிறேன். வேலன் சோற்றைக் குழையவிட்டுப் பிசைந்து தருகிறான். குடிகாரனுக்கு என்ன கை பார், கஞ்சி திறமாகக் காய்ச்சுகிறான்.

இப்போது சொல்லப் போவதை இருந்து வாசி. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் றம்லா என்று ஒரு பிள்ளை. நம் தனுஷியாவைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கிளினிக் கொப்பியை வாங்கி வாசிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். “வாயத் திறங்க. நாக்க நீட்ட வேணாம், உள்ளுக்கு சும்மா வச்சிருங்க” என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொல் இல்லாமல் அவ்வளவு நேரம் என் நாக்கை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு ஒரு கண்ணாடியைத் தந்து என்னையும் பார்க்கச் சொன்னார். நான் அசைக்காமலே நாக்கின் தோலுக்குக் கீழே மண்புழு நெளிவது போல நெளிகிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிப் பள்ளமாகியிருப்பதைத் தொட்டுக் காட்டினார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் எகிறி மேசையில் அடித்தது. நூறு வரை எண்ணச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் இலக்கம் கூறிப் பிழைத்தவன், நாற்பதைத் தாண்ட முடியவில்லை. கொப்பியைத் திறந்து, “இவருக்குக் குடி எண்டு எழுதினது ஆரு?” என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு மேலே பேனையால் ஒரு கோடு இழுத்தார். சுலோ, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகை நிற்கவில்லை. நிறுத்தப் பார்க்க, அது சிரிப்பாக மாறியது. நேர்ஸ்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் மட்டும் என் தோளில் கை வைத்து, “ஐயா, மனசுல சிரிப்பு இல்லாத நேரமும் இப்பிடிச் சிரிப்பு வாறதா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நம் படலையில் நடந்ததைக் கடுதாசியில் எழுதிக் காட்டினேன். சிரிப்பையும் அழுகையையும் பிடித்துவைத்திருக்கிற நரம்பு மூளையில் இருக்கிறதாம். அது பழுதானால் உள்ளே என்ன நடந்தாலும் வெளியே எது வரும் என்று நம் கையில் இல்லையாம். அவரே ஒரு துண்டில் எழுதித் தந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட எழுத்து இதுதான்.

என்ன வருத்தம் என்று கேட்டேன். “ரெண்டு வருத்தம் மனசுல கிடக்கு. ஒண்டுக்கு மருந்து இரிக்கி. அதத்தான் முதல்ல பாப்பம்” என்றார். மற்றது என்ன என்று கேட்டதற்கு, “அதப் பொறகு பாப்பம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருந்து உள்ள வருத்தத்துக்கு இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது வரும்வரை குளிசை தந்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலு தரம். இந்த வருத்தம் என்றால் குளிசையிலேயே பேச்சுத் திரும்புமாம்.

காலையில் குளிசை போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஏலம் கூறிப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை. வரும்.

வினாயகமூர்த்தி


ஆரையம்பதி
02.12.2023

என் அவருக்கு,

டொக்டரின் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் எடுத்து வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

என்னை மன்னியுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. வருத்தக்கார மனுஷனின் இரண்டு சாரத்தையும் சொப்பிங் பையில் போட்டுப் படலைக்கு வெளியே எறிந்தவள் நான். பதினொரு தரம் போனை வெட்டியவள் நான். நீங்கள் ஒரு சொல் ஏசியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். நாக்குக் குழறியது, கை நடுங்கியது, நடை தள்ளியது. மூன்றையும் முந்திப் பார்த்திருக்கிறேன், அதனால் நான்காவதாக ஒன்றை யோசிக்கவே இல்லை. உங்களோடு குடும்பம் நடத்திய எனக்கே நீங்கள் குடித்தவராகத்தான் தெரிந்தீர்கள். அந்தப் பொடியன் டொக்டரை நான் எப்படிக் குறை சொல்வது?

முதல் வருத்தமாகத்தான் இருக்கும். அம்மனுக்கு மடைப்பெட்டியில் படையல் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். குளிசையை நேரம் தவறாமல் போடுங்கள்.

ஒரு நல்ல சங்கதியும் இருக்கிறது. தனுஷியாவுக்குப் பழுகாமத்தில் ஒரு இடம் பேசி வந்திருக்கிறது. பெயர் லக்ஷன், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். அமைதியான பிள்ளை. தனுஷியாவுக்குப் பிடித்திருக்கிறது, அவள் வாயால் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். முந்திய பேச்சுக் குழம்பிய கதை அவர்களுக்கும் எட்டியிருக்கிறது. தாய்க்காரி நேரே சொன்னா: “குடிக்கிற தகப்பன் எந்த வீட்டுலதான் இல்ல? அதுக்குப் புள்ள என்ன செய்யும்?” ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டா. குடும்பத்தில் நோய் நொடி உண்டா, நரம்பு வருத்தம் யாருக்கும் உண்டா என்று. பெண்ணின் வருத்தத்தை மறைத்து மூத்த மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்களாம். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

உங்கள் இரத்த ரிப்போட் வந்ததும் அவர்களிடம் நடந்ததைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். குளிசையில் மாறுகிற வருத்தம்தானே. நீங்கள் தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழக்கப்படி கலியாணத்தோடு வீடு பிள்ளைக்குப் போய்விடும், அதற்கு முதல் கொஞ்சக் காலமாவது நாம் இதில் ஒன்றாக இருப்போம்.

உங்கள் சுலோ


வாகரை
19.02.2024

அன்புள்ள சுலோவுக்கு,

பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று மூன்று துண்டு அனுப்பியிருக்கிறாய். பதில் எழுதக் கை வரவில்லை. இப்போது வலக்கை பேனையைப் பிடிக்கிறது, தள்ளமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்துக்கு நாலு நாள்.

கொழும்பிலிருந்து வந்த இரத்த ரிப்போட்டில் அந்த வருத்தம் இல்லை. குளிசையும் கேட்கவில்லை. கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே மயிர் போல மெல்லிய ஊசியைச் சதைக்குள் விட்டு, வயரை ஒரு பெட்டியில் பொருத்திப் பார்ப்பார்கள். சதை சுகமாக ஆறியிருந்தால் பெட்டி சத்தம் போடாதாம். என் கையில் குத்தினார்கள், தகரக் கூரையில் தூறல் விழுவது போலச் சத்தம். காலில் குத்தினார்கள், அதே தூறல். நாக்கிலும் குத்தினார்கள். கையும் காலும் எனக்கு இன்னும் அவ்வளவு பிழையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், சுலோ. பெட்டிக்கு எனக்கு முதலே தெரிந்திருக்கிறது.

டொக்டர் றம்லா என்னை இருத்திவைத்துச் சொன்னார். மோட்டோர் நியூரோன் என்று பெயர். தசைகளை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். வாய், கை, கால், கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் பெரும்பாலும் கடைசிவரை தெளிவாக இருக்குமாம். “இதுதானா மற்ற வருத்தம்?” என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். மருந்து என்று எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டேன். அந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்த்தது. எவ்வளவு காலம் என்றதற்கு, இரண்டு மூன்று வருஷம், சிலருக்குக் குறைய என்றார். ஒரு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது.

என் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டேன். குடும்பத்தில் முந்தி யாருக்கும் இருக்கவில்லை, ஆகவே பயப்பட வேண்டாம், அநேகமாகப் பரம்பரையில் வராது என்றார். எனக்கு நிம்மதி. ஆனால் ‘அநேகமாக’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பழுகாமத்து வீட்டுக்குப் போய் நீ என்ன சொல்வாய்? அந்த மனுஷி நரம்பு என்ற சொல்லுக்கே கதிரையை விட்டு எழும்பிவிடும். அடுத்து வருகிறவர்களும் எழும்புவார்கள்.

ஆகவே கேள். யாரிடமும் சொல்லாதே. தனுஷியாவிடமும் வேண்டாம், அவள் லக்ஷனிடம் மறைக்கமாட்டாள். நான் குடிகாரன் என்று ஊர் முடிவு எடுத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். குடிகாரன் மகளைக் கட்டுவார்கள், சுலோ. இந்த ஒரு பெயர்தான் நான் என் பிள்ளைக்கு இனிக் கொடுக்கக்கூடிய சீதனம். நீ என்னை நம்பிவிட்டாய், எனக்கு அது போதும்.

வினாயகமூர்த்தி


ஆரையம்பதி
01.03.2024

என் அவருக்கு,

முடியாது என்று எழுதிய கடிதத்தை நேற்றுக் கிழித்தேன். இது இரண்டாவது.

மூன்று மாதமாக உங்களைக் குடிகாரன் இல்லை என்று ஊருக்குச் சொல்லும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். இப்போது அதையும் பிடுங்கிவிட்டீர்கள். சந்தையில் எவளாவது “உன்ட மனிசன் இப்பவும் போடுறாரா?” என்று கேட்டால் நான் ஓம் போட வேண்டும். நேற்று ஒருத்தி கேட்டாள். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து வாயைக் கழுவினேன்.

நேற்று லக்ஷன் வந்துபோன பிறகு தனுஷியா குசினியில் பாட்டு முணுமுணுத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அதனால்தான் சம்மதிக்கிறேன். உங்களுக்காக இல்லை.

ஆவணியில் கலியாணம். தூரத்தில் நின்றாவது நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கும் முடியாது என்றால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்வேன்.

சுலோ


வாகரை
22.06.2024

சுலோ,

வேலன் மணிக்கட்டைப் பிடிக்க எழுதுகிறேன். குரல் முழுக்கப் போய்விட்டது. கஞ்சியும் தொண்டையில் பொறுக்கிறது. மூக்கால் குழாய் விடுவோம் என்கிறார்கள், கலியாணம் முடியட்டும் என்றேன்.

வருவேன். மஜீட் காக்கா லொறியில் கூட்டிவருவார், அவருக்கும் வேலனுக்கும்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பந்தலுக்கு வெளியே நிற்பேன். நான் ஏதும் பிழை விட்டால், அன்றைக்குச் செய்தது போலவே செய். பிடித்து வெளியே விடு. யோசித்து நிற்காதே.

வினா.


ஆரையம்பதி
02.09.2024

என் அவருக்கு,

கலியாணம் முடிந்து நாலாம் நாள். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பிள்ளையும் மருமகனும் பழுகாமத்துக்கு விருந்துக்குப் போயிருக்கிறார்கள். இதை எழுத இப்போதுதான் வீடு தனியாகக் கிடைத்தது.

நான் அனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தீர்கள். வேலன் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தான், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஓடிவந்து சரியாகப் பூட்டிவிட வேண்டும் போல இருந்தது. தாலி கட்டும் வரைக்கும் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். அவ்வளவோடு திரும்பிப் போயிருந்தால் சரி. ஆனால் பிள்ளை உங்களைக் கண்டுவிட்டாள். கூறைச் சீலையோடு அவளே நடந்து வந்தாள். உங்கள் வாயில் வழிந்த எச்சிலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். “அப்பா, இண்டைக்குமா?” என்றாள். இரண்டே சொல்.

நீங்கள் சிரித்தீர்கள். அதே சிரிப்பு. மேளத்துக்கு மேலால் கேட்டது. சம்பந்தியம்மா எழும்பிப் பார்த்தா. பந்தலே திரும்பியது.

நீங்கள் சொன்னபடி செய்தேன். யோசித்து நிற்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்: “பெத்த புள்ளையிட கலியாணத்துக்காவது குடிக்காம வரக்கூடாதா? போங்க வெளிய!” படலைக்கு வெளியே விட்டேன். உங்கள் கையில் சதை இல்லை. எலும்பைத்தான் பிடித்திருந்தேன். திரும்பி வர, “நீ நல்ல பொம்புள, வேறொருத்தி எண்டா எப்பவோ விட்டிருப்பாள்” என்று சம்பந்தியம்மா என் முதுகைத் தடவினா. தனுஷியா என்னைக் கட்டிப் பிடித்து, “நீங்க அழாதீங்கம்மா, அந்தாள் திருந்தாது” என்றாள்.

முதல் தரம் தெரியாமல் அனுப்பினேன். இந்தத் தரம் தெரிந்து அனுப்பினேன். எது பெரிய பாவம் என்று எந்தக் கட்டுக்காரனிடம் நான் கேட்பது?

வீட்டைப் பிள்ளைக்கு எழுதியாகிவிட்டது. இனி உங்களைப் போல எனக்கும் வீடில்லை. பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை லொறியில் வருகிறேன், வந்தால் திரும்பமாட்டேன். பிள்ளையிடம், குடிகாரனையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

லொறி திரும்பும்வரை உங்கள் சிரிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். டொக்டரின் துண்டு மனப்பாடம். ஆனாலும் காதில் இருந்து போகமாட்டேன் என்கிறது.

உங்கள் சுலோ


வாகரை
07.09.2024

சுலோ,

இடக்கை.

நீ செய்தது சரி.

பிள்ளை வடிவாய் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வா. சுணங்காதே.

நான் சிரிக்கவில்லை.